நாற்பத்து மூன்று வீட்டுக்கு ஆறு நாற்காலி

ஃபாரம் அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. வாக்காளர் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. கையில் அட்டை, அட்டையில் கிளிப், கிளிப்பில் படிவம், காதில் செருகிய பேனா என்று பதினான்கு ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கியதில் ஊரே சேர்ந்து பெயரை மாற்றிவிட்டது. தெரு நாய்கள்கூட அவளைக் கண்டால் குரைப்பதில்லை. குரைத்தால் நம்மையும் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பாள் என்று பயந்திருக்கலாம்.

பல்கலைக்கழகத்தில் சமூகத்தையும் சுற்றுச்சூழலையும் ஆராயும் துறை ஒன்று இருக்கிறது. வெள்ளம் வந்தால், வெயில் கொளுத்தினால், வேலை போனால் யார் முதலில் விழுவார்கள், யார் தாக்குப்பிடிப்பார்கள் என்று கணக்கிடுவது அதன் வேலை. ‘எளிதில் பாதிப்புக்குள்ளாகும் தன்மை’ என்று அதற்குப் பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் பாதிக்கப்பட்டுவிடுவார். அந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய தகவல்களைச் சேகரித்துக் கொடுப்பவள் ஃபாரம் அக்கா. பன்னிரண்டு பக்கம், நூற்றுப் பன்னிரண்டு கேள்வி. ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்துக்கு முந்தைய மாதத்தில் நகரத்தின் பத்துத் தெருக்களைச் சுற்றுவாள். துணைக்கு இரண்டு மாணவிகள் வருவார்கள். முதல் நாள் துள்ளிக்கொண்டு வருவார்கள், மூன்றாம் நாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார்கள்.

அவளுடைய திறமை மொழிபெயர்ப்பில் இருந்தது. ‘இடர்க்காலத்தில் தங்கள் குடும்பத்தின் தகவமைப்புத் திறன் எத்தகையது?’ என்று படிவம் கேட்கும். அவள் அதை வாசலில் நின்று, “தண்ணி வந்தா சமாளிச்சுக்குவீங்களா?” என்று கேட்பாள். பதில் வந்துவிடும். பேராசிரியர் ஒருமுறை படிவத்தில் உள்ளபடியே தானே கேட்டுப் பார்த்தார். அந்த வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள் என்றார். பேராசிரியர் விளக்கினார். வீட்டுக்காரர் தூங்கிவிட்டார்.

அவள் குடியிருந்ததும் அந்தப் பத்துத் தெருக்களில் ஒன்றில்தான். கால்வாய்க்கரைத் தெரு. நாற்பத்து மூன்று வீடுகள். கனமழை பெய்தால் கால்வாய் நிரம்பி, வெளியே போக வேண்டிய தண்ணீர் வீட்டுக்குள் திரும்பி வரும். முழங்கால் அளவு ஏறி இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டுப் போகும். அழைக்காமல் வந்து, கிளம்பச் சொன்னாலும் கிளம்பாத விருந்தாளி அது. அது வந்துபோன பிறகு தரையில் படியும் சேற்றையும், பிள்ளைகளுக்கு வரும் காய்ச்சலையும் பற்றி அந்தத் தெருவில் யாரும் புலம்பிக் கேட்டதில்லை. புலம்பினால் கௌரவக் குறைச்சல்.

கதையே அந்தக் கௌரவத்தில்தான் இருக்கிறது.

முதல் ஆண்டு ஆய்வின்போது, அப்போது ஒல்லியாக இருந்த பேராசிரியர், கொத்தனார் வீட்டில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தார். வாளி விட்டுக்கொடுத்துவிட்டது. படித்த மனிதர் தன் வீட்டில் தரையில் உருண்டதைக் கொத்தனார் மனைவியால் தாங்க முடியவில்லை. அடுத்த ஆண்டு தையல்காரர் வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி இரவல் வாங்கிப் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரி, அவள் வீட்டுக்கு இரண்டென்றால் நமக்கு மூன்று என்றாள். மூன்றாம் வீடு நான்கு கேட்டது. தையல்காரரிடம் இருந்ததே ஆறுதான். கடையில் காத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்காக வாங்கியவை. வாடிக்கையாளர்கள் காத்திருக்கவில்லை, அதனால் நாற்காலிகள் வீட்டுக்கு வந்துவிட்டன. கருஞ்சிவப்பு பிளாஸ்டிக், கை வைத்தது. ஒன்றின் முதுகில் விரிசல், அதில் செம்புக் கம்பியால் தையல்.

போகப்போக அது ஓர் ஏற்பாடாகிவிட்டது. வீடுகளுக்குப் பின்னால் ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய சந்து உண்டு. முன்வாசலில் நூற்றுப் பன்னிரண்டாம் கேள்வி முடிந்து மாணவிகள் எழுந்தால், பின்வாசல் வழியாக ஆறு நாற்காலியும், ஒரு மேசை விசிறியும், ஒரு டஜன் கண்ணாடி டம்ளரும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். சந்தில் நின்று இதை நடத்துவது கொத்தனார் மனைவி. இடுப்பில் கை வைத்து அவள் போடும் உத்தரவைப் பார்த்தால் கப்பலில் சரக்கு ஏற்றுகிறார்கள் என்று நினைக்கத் தோன்றும்.

“விசிறி முதல்ல! விசிறி இல்லாம நாற்காலி போய் என்ன பிரயோஜனம்? ஏய், டம்ளர ஆட்டாதே, அவங்களுக்குக் காது இருக்கு!”

இந்த ஆண்டு வந்த மாணவிகளில் ஒருத்தி கொஞ்சம் கூர்மை. பதினெட்டாவது வீட்டில் உட்கார்ந்தவள், கைக்குத் தட்டுப்பட்ட செம்புக் கம்பியைத் தடவிக்கொண்டே கேட்டாள்: “அக்கா, இந்தத் தெருவுல எல்லாரும் ஒரே கடையிலதான் வாங்குவாங்களா?”

“ஆமாம்மா. நம்பிக்கையான கடை” என்றாள் ஃபாரம் அக்கா.

“உடைஞ்சாலும் எல்லாருக்கும் ஒரே இடத்துல உடையுது.”

“அதான் சொன்னேனே, ஒரே கடை.”

தன் வீட்டுப் படிவத்தைத் தானே நிரப்பக் கூடாது என்பது விதி. அதனால் அவள் வாசலில் நிற்க, மாணவி உள்ளே போய் அவளுடைய மாமியாரைக் கேட்டாள். மூட்டுவலியில் நடக்க முடியாத அந்த அம்மாள், இரவல் நாற்காலியில் சாய்ந்து, இரவல் விசிறியின் காற்று முகத்தில் பட, தன் வாழ்நாளில் அவ்வளவு வசதியாக உட்கார்ந்ததில்லை.

“பாட்டி, கஷ்டம் வந்தா தாங்கிக்கிற சக்தி உங்களுக்கு எவ்வளவு இருக்குன்னு நினைக்கிறீங்க? ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் சொல்லுங்க.”

மாமியார் வாசலைக் காட்டினார். “அதோ நிக்கிறாளே, அவள பதினெட்டு வருஷமா தாங்கிக்கிட்டிருக்கேன். அஞ்சு போடு.”

ஃபாரம் அக்காவுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. நாற்காலி நகரத் தொடங்கிய ஆண்டிலிருந்தே தெரியும். ஒவ்வொரு படிவத்தின் கடைசிப் பக்கத்திலும் ‘நேரில் பார்த்து உறுதி செய்தேன்’ என்று கையெழுத்திட்டிருக்கிறாள். மனம் உறுத்தவில்லை. ஏனென்றால், போன படிவம் எதுவும் அவள் தெருவுக்குத் திரும்பி வந்ததே இல்லை. பீரோவுக்குள் போகும், அங்கிருந்து கட்டுரையாகும், கட்டுரை வேறொரு கட்டுரையின் அடிக்குறிப்பாகும். கால்வாயில் ஒரு வாளித் தண்ணீரைக்கூட அது குறைத்ததில்லை. யாருக்கும் உதவாத காகிதத்தில் ஏழை கொஞ்சம் பெருமையாக உட்கார்ந்துவிட்டுப் போகட்டுமே என்று அவள் நினைத்ததில் எனக்குக் குற்றம் தெரியவில்லை.

இந்த ஆண்டு காகிதத்துக்கு உயிர் வந்துவிட்டது. நகராட்சி, வெள்ள நீரை வெளியேற்றும் பெரிய மோட்டார் ஒன்றை வாங்கியது. ஒன்றே ஒன்று. எந்தத் தெருவுக்கு என்று கேள்வி வந்ததும், பல்கலைக்கழகத்தின் மதிப்பெண்படி கொடுப்போம் என்று முடிவு செய்தார்கள். மதிப்பெண் கூடினால் பாதிப்பு அதிகம், குறைந்தால் தாங்கும் திறன் அதிகம். அதாவது தோற்றவனுக்குப் பரிசு தரும் தேர்வு. தாங்கள் எழுதிக்கொண்டிருப்பது தேர்வு என்றே அந்த நாற்பத்து மூன்று வீட்டுக்கும் தெரியாது.

திங்கட்கிழமை காலை, மீந்த வெற்றுப் படிவங்களைத் திருப்பிக் கொடுக்கத் துறை அலுவலகத்துக்குப் போனபோது சுவரில் ஒட்டியிருந்த பட்டியலை அவள் பார்த்தாள். முதலிடம் மேட்டு அவென்யூ, அறுபத்தெட்டு. கடைசி இடம் கால்வாய்க்கரைத் தெரு, முப்பத்தொன்று.

மேட்டு அவென்யூ என்பது பெரிய வீடுகள், பெரிய மரங்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள். தண்ணீர் அங்கே வாசல் கேட் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஆனால் அங்கே உள்ளவர்களுக்குக் குறை சொல்லத் தெரியும். போன வாரம்கூட ஒருவர் அவளை உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் தன் பாதிப்பைச் சொன்னார். “போன மழையில கார் பேட்டரி நனைஞ்சுடுச்சும்மா. நாலு நாள் தூக்கமே இல்ல. மன உளைச்சல்னு ஒரு கேள்வி இருந்துச்சே, அதுல அஞ்சுக்கு மேல போட முடியாதா?” முடியாது என்றதும் அதையும் ஒரு பாதிப்பாகக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

இருப்பவன் இல்லை என்கிறான், இல்லாதவன் இருக்கிறது என்கிறான். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து அதற்கு அறிவியல் என்று பெயர் வைத்தால் அறிவியலுக்குத்தான் அவமானம். ஒரு மோட்டாரை வாங்கிவைத்துக்கொண்டு, யார் நன்றாக அழுகிறீர்கள் பார்க்கலாம் என்று பத்துத் தெருக்களை வரிசையில் நிறுத்துவது அதைவிடப் பெரிய அவமானம்.

பட்டியல் வெள்ளிக்கிழமை நகராட்சிக்குப் போகிறது என்றார் துறை எழுத்தர். அவள் நேரே பேராசிரியரின் அறைக்குள் நுழைந்தாள். அவர் நல்ல மனிதர். மேசையில் மூன்று டம்ளர் டீ ஆறிப்போய் இருந்தன. மூன்றும் அவருடையவை.

“சார், எங்க தெருவுல மொத்தமே ஆறு நாற்காலிதான்.”

“ஃபாரத்துல இருநூத்தி அம்பத்தெட்டுன்னு வருதேம்மா?”

“அந்த ஆறையே நாப்பத்திமூணு தடவ எண்ணிட்டோம் சார். பின்சந்து வழியா நமக்கு முன்னாடி அதுங்க போயிடும். விசிறியும் ஒண்ணுதான்.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “ஆனா நேர்ல பாத்தேன்னு நீதானே கையெழுத்துப் போட்டிருக்கே?”

“பாத்தேன் சார். பொய் சொல்லல. நாப்பத்திமூணு வீட்லயும் பாத்தேன். அதே ஆறத்தான் பாத்தேன்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“அற்புதம்மா! வீடு வீடா பொருளப் பகிர்ந்துக்கிறாங்க, நேரம் பிசகாம, சண்டை இல்லாம! இதத்தான் சமூக மூலதனம்னு சொல்றோம். அதுக்கான ஒம்பதாம் பகுதி உங்க தெருவுக்குக் காலியா இருந்துச்சு. இப்ப முழு மதிப்பெண் போடலாம்!”

அவரே கணினியில் போட்டார். நாற்காலிகள் குறைந்தன, ஒற்றுமை கூடியது. கால்வாய்க்கரைத் தெருவின் மதிப்பெண் முப்பத்தொன்றிலிருந்து இருபத்து நாலுக்கு இறங்கியது. தாங்கும் திறன் முன்னைவிட அதிகமாகிவிட்டது.

“சார், ஒத்துமை தண்ணிய உறிஞ்சாது சார்.”

“அது சரிதாம்மா. ஆனா கணக்கு அப்படித்தானே சொல்லுது? வேற ஏதாவது அளந்து காட்டு, மாத்திடலாம். பாவம்னு சொல்லி மாத்த முடியாது.”

அந்தக் கடைசி வாக்கியம் அவளுக்குப் பிடித்திருந்தது என்று பிறகு சொன்னாள். கோபம் வந்ததாம், ஆனால் பிடித்தும் இருந்ததாம்.

தெருவுக்கு வந்து சொன்னாள். தையல்காரர் பெருமூச்சு விட்டார். “என்ன பண்றது, நம்ம தலையெழுத்து.”

“தலையெழுத்து இல்லண்ணே. நாம எழுதிக் கொடுத்தது. என் கையெழுத்து இருக்கு, காட்டட்டுமா?”

கொத்தனார் மனைவி சீறினாள். “அதுக்காக? வர்றவங்ககிட்ட எங்க வீட்ல ஒண்ணுமில்லன்னு பல்லிளிக்கச் சொல்றியா? தண்ணி மூணு நாள்ல போயிடும்டி, மானம் போனா வருமா?”

“சேத்த அள்ளுறப்ப அந்த மானத்தையும் சேத்துத்தானே அள்ளுறோம் அண்ணி!”

யாரும் அசையவில்லை. நாற்காலி இல்லை என்று எழுதிக்கொடுக்க நாற்பத்து மூன்று வீட்டிலும் ஆள் கிடைக்கவில்லை.

அன்று மதியம் தூறல் போட்டது. பஸ் டிரைவரான அவள் கணவர் வேலைக்குக் கிளம்புமுன், தாயைத் தூக்கிக் கட்டிலில் ஏற்றிக்கொண்டிருந்தார். சாதாரணமாக ஏற்ற முடியாது. முக்காலி போட்டு, அதன்மேல் நின்று, மாமியாரைத் தோளில் சாய்த்து ஏற்ற வேண்டும். கட்டிலின் ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஐந்து செங்கல். வெள்ளம் உயர்ந்த ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் கூட்டி ஐந்தாகியிருந்தது. ஆய்வு நாட்களில் போர்வையைத் தரைவரை தொங்கவிட்டு மறைத்துவிடுவார்கள்.

“மெதுவாடா! நான் என்ன பஸ்ஸா, இடிச்சு இடிச்சு ஏத்துறே?” என்றார் மாமியார்.

ஃபாரம் அக்கா முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அப்படியே விட்டுவிட்டாள். கணவர் தள்ளாடி, “ஏய், புடி! விழுந்துடுவேன்!” என்று கத்தினார். அவள் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். இரவல் போகாத பொருள் ஒன்று இந்தத் தெருவில் இருந்தது. எடுத்தால் கட்டில் இறங்கிவிடும்.

மறுநாள் அவள் படிவம் எதுவும் இல்லாமல் கிளம்பினாள். ஒரு நோட்டு, தையல்காரரிடம் வாங்கிய அளவு நாடா, ஒரே கேள்வி. கட்டிலுக்கு அடியில் எத்தனை செங்கல்?

நாற்காலிக்கு வெட்கப்பட்ட தெரு செங்கலுக்கு வெட்கப்படவில்லை. எண்ணிக்கை என்று வந்ததும் பழைய போட்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

“எங்க வீட்ல நாலுதான். ஆனா நல்லா சுட்ட செங்கல், ஒரு மழைக்குக்கூட கரையல” என்றார் தையல்காரர்.

“எங்க வீட்ல ஆறு” என்றாள் கொத்தனார் மனைவி. “கொத்தனார் வீடு. குறைவா வைக்க முடியுமா?”

“குனிஞ்சு பாத்துக்கிறேன் அண்ணி.”

“பாரேன், எனக்கென்ன பயம்?”

ஃபாரம் அக்கா முழங்காலிட்டு எண்ணினாள். “அஞ்சரை.”

“என்னடி அரை? அதுவும் செங்கல்தானே!”

“அரைக்கு அரைதான் அண்ணி எழுத முடியும்.” நாடாவை வைத்து அளந்தாள். போன முறை தண்ணீர் நின்ற கறை சுவரில் எங்கே இருக்கிறதோ அதையும் அளந்தாள். நாற்பத்து மூன்று வீட்டிலும் குனிந்ததில் மாலையில் நிமிர முடியவில்லை.

மற்ற எட்டுத் தெருக்களை மாணவிகள் செவ்வாய்க்கிழமையிலிருந்தே பிரித்துக்கொண்டு எண்ண, புதன்கிழமை அவள் மேட்டு அவென்யூவுக்குப் போனாள். அதே கேள்வி. கார் பேட்டரிக்காரர் நெற்றியைச் சுருக்கினார்.

“கட்டிலுக்குச் செங்கலா? எதுக்கும்மா?”

அவள் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே பூஜ்யம் போட்டாள். அடுத்த வீட்டிலும் ‘எதுக்கும்மா’. முப்பது வீட்டில் இருபத்தெட்டு ‘எதுக்கும்மா’. மீதி இரண்டு வீட்டில் அவளுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

வியாழக்கிழமை பேராசிரியர் அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தார். பிறகு மறுபடி படித்தார். நான்காவது டீயும் ஆறியது.

“செங்கல் உயரமும் சுவர்க் கறையும் கிட்டத்தட்ட ஒண்ணா போகுதே” என்றார் மெல்ல. “பதினாலு வருஷமா இத நாம ஏன் கேக்கல?”

“நீங்க உக்காந்துகிட்டே கேட்டீங்க சார். உக்கார ஆறு நாற்காலி வேற கொண்டாந்து போட்டோம்.”

அவர் சிரிக்கவில்லை. இதை ஏற்றால் பழைய படிவங்களைச் செல்லாது என்று அறிவிக்க வேண்டும் என்றார். அறிவிக்க, அவை தவறு என்று யாராவது எழுதித் தர வேண்டும். தெரிந்தே கையெழுத்திட்டவர் இனி இந்தத் துறையில் தகவல் சேகரிக்க முடியாது என்பது விதி.

“விதிய நான்தாம்மா எழுதினேன்” என்றார். சொல்லும்போது அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினான்கு ஆண்டு வேலை. வேறு வேலை அவளுக்குத் தெரியாது. கணவரின் சம்பளத்தில் மாமியாரின் மருந்துக்கே பாதி போய்விடும். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். “நான் எழுதிக் கொடுத்தா நாளைக்குப் போற லிஸ்ட்டுல மாறிடுமா?”

“மாறிடும்.”

“பேனா கொடுங்க.” தன் பேனா காதில் இருப்பது அப்போது அவளுக்கு நினைவில்லை.

வெளியே எழுத்தர் அவளை நிறுத்தினார். வேலையிலிருந்து விலகுபவர்கள் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று உண்டாம். நான்கு பக்கம். அவள் நின்றபடியே புரட்டினாள்.

“ஏழாங்கேள்வி தப்பு” என்றாள்.

“என்ன தப்பு?”

“‘பணியும் பணியிடமும் உங்களுக்கு மனநிறைவு அளித்தனவா?’ ரெண்டு கேள்விய ஒண்ணா கட்டி வச்சிருக்கீங்க. வேலை பிடிச்சுது, நாற்காலி பிடிக்கலன்னா எதுல டிக் போடுறது?”

எழுத்தர் தலையைச் சொறிந்தார். அவள் அந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்து ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டுக்கும் பதிலும் போட்டுவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை போன பட்டியலில் கால்வாய்க்கரைத் தெரு முதலிடத்தில் இருந்தது. அடுத்த வாரம் நகராட்சிப் பொறியாளர் சரிபார்க்க வந்தார். கொத்தனார் மனைவி அவரை உட்காரச் சொல்லவில்லை. “உள்ள வாங்க சார், குனிங்க” என்றாள். பொறியாளர் வயிறு இடிக்கக் குனிந்தார். “எண்ணுங்க. அஞ்சரை. அந்த அரைய விட்டுடாதீங்க.”

மோட்டார் வந்தது. கால்வாய் முனையில் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தினார்கள். இரண்டாம் இடத்துக்கு வந்த தெருவுக்கு இந்த ஆண்டு ஒன்றும் இல்லை. அங்கேயும் சராசரி மூன்று செங்கல் இருக்கிறது. அந்தத் தெருவுக்கும் ஒரு மோட்டார் கேட்டு நகராட்சிக்கு ஃபாரம் அக்கா எழுதிய மனுக்கள் இதுவரை நான்கு. சம்பளமில்லாத வேலை. சம்பளத்துக்கு இப்போது மருந்துக் கிடங்கில் பெட்டி ஒட்டுகிறாள். பெட்டிகள் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்பதைத் தவிர அந்த வேலையில் குறையில்லை என்கிறாள்.

முதல் கனமழை ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அடித்தது. மோட்டார் உறுமியது. தெருவே வாசலில் நின்று கால்வாயைப் பார்த்தது. தண்ணீர் விளிம்பு வரை வந்து, தயங்கி, இறங்கியது. எந்த வீட்டுக்குள்ளும் நுழையவில்லை.

மழை விட்டதும் ஃபாரம் அக்கா கணவரைக் கூப்பிட்டாள். இருவரும் கட்டிலைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு காலுக்கும் அடியிலிருந்து ஒரு செங்கல் எடுத்தார்கள்.

“எடுக்கிறதுதான் எடுக்கிறோம், எல்லாத்தையும் எடுத்துடலாமே” என்றார் கணவர்.

“ஒரு மழைய வச்சு முடிவுக்கு வர முடியாதுங்க. மழைக்கு ஒண்ணா எடுப்போம்.”

கட்டில் மேலிருந்து மாமியார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “நல்லா கெடுத்தே. கொத்தனார் வீட்டு முற்றம் முழுசா தெரிஞ்சுது. கொத்தனார் பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்குறத உக்காந்த இடத்துலேருந்து பாத்துக்கிட்டிருந்தேன். இப்ப அவ தலை மட்டும்தான் தெரியுது.”

“அடுத்த மழைக்குத் தலையும் தெரியாது அத்தை.”

“அப்புறம் நான் என்னடி பண்றது?”

“காது நல்லாத்தானே கேக்குது?” என்றாள் மருமகள், செங்கல்லைப் பின்வாசலுக்குத் தூக்கிக்கொண்டு.